வெளிவட்டத்தில் ஒரு நாற்காலி

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சோடியம். அணு அமைப்பு நடத்தும்போதெல்லாம் அவர் எடுக்கும் உதாரணம் அதுதான். உலகத்தில் வேறு தனிமங்களும் இருக்கின்றன என்பதை அவரும் படித்திருக்கிறார். ஆனால் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் கை தானாகச் சோடியத்தை வரைந்துவிடும். உள்ளே இரண்டு, நடுவில் எட்டு, வெளியே ஒற்றை ஒன்று. உண்மையான சோடியத்தின் மேல் தண்ணீர் பட்டால் அது சீறிக்கொண்டு தீப்பிடிக்கும். நம் சோடியத்தின் மேல் கல்லூரி நிர்வாகம் பதினான்கு வருடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு பொறி பறக்கவில்லை. நனைந்ததுதான் மிச்சம்.

அவர் தற்காலிக ஆசிரியர். பதினோரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம், அது முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி, மறுநாள் புது ஒப்பந்தம். இவர் தொடர்ந்து வேலை பார்த்தார் என்று நாளைக்கு யாரும் கோர்ட்டில் நிரூபித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அந்த ஒரு நாள் அவர் யாருமில்லை. அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அன்றைக்கு மட்டும் அவரிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்வாள். அதைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை.

இப்படி இருக்கையில் கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. கல்லூரி விழித்துக்கொண்டது. சுவர்களுக்கு வண்ணம் அடித்தார்கள். ஆய்வுக்கூடத்துக் குழாய்களுக்கு வெள்ளிப் பூச்சு பூசினார்கள். தண்ணீர் வருவதைப் பற்றி ஆய்வு விதிகளில் ஒன்றும் இல்லாததால் அதை விட்டுவிட்டார்கள். நூலகப் புத்தகங்களை உயர வரிசைப்படி அடுக்கினார்கள். பிறகு முதல்வர் ஆசிரியர்களைத் தன் அறைக்கு அழைத்தார்.

"குழு என்ன பார்க்கும்? நம்ம கல்வியையா? அதுக்கு அவங்களுக்கு நேரம் இல்ல, நமக்கும் இல்ல. நம்மகிட்ட என்ன புதுமை இருக்குன்னுதான் பார்ப்பாங்க. யார்கிட்டயாவது புதுமை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் வந்து, எங்கிட்ட இருந்துச்சே, நீங்க கேக்கலையேன்னு சொல்லக் கூடாது."

 முப்பது வருட அனுபவசாலிகள் எல்லோரும் அவரவர் காலணியை ஆராய்ந்தார்கள். அந்த நேரத்தில் சோடியம் ஏன் வாயைத் திறந்தார் என்பதற்கு அவரிடமே இன்றுவரை பதில் இல்லை. பத்தொன்பது வயதில் ஒருமுறை பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியிருந்தார். அந்த வியாதி உள்ளேயே கிடந்திருக்க வேண்டும்.

"சார், உயிருள்ள அணு ஒண்ணு செய்யலாம்."

"உயிருள்ளதா? அதுக்குத் தனியா அனுமதி வாங்கணுமா?"

"இல்ல சார், மனுஷங்கதான் எலக்ட்ரான். மைதானத்துல நாற்காலிய வட்டம் வட்டமா போடறோம். இந்தப் பக்கம் சோடியம் அணு, பதினோரு பேர். அந்தப் பக்கம் குளோரின், பதினேழு பேர். சோடியத்துல கடைசி வட்டத்துல ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். குளோரினோட கடைசி வட்டத்துல எட்டு நாற்காலி போட்டு ஏழு பேர்தான் இருப்பாங்க. இந்த ஒத்த ஆள் எழுந்து ஓடிப் போய் அந்தக் காலி நாற்காலியில உட்கார்ந்துடுவார். பிணைப்பு உருவாயிடும் சார். உப்பு! நாம தினம் சாப்பிடற உப்பு!"

சொல்லி முடிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. உப்புக்காகக் கண்கலங்கிய முதல் மனிதர் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றியது.

முதல்வர் யோசித்தார். "மாணவர்கள் வேண்டாம். வெயில்ல நிக்க மாட்டாங்க. நின்னாலும் சிரிப்பாங்க. ஆசிரியர்களும் ஆபீஸ்காரங்களுமே உட்காரட்டும். குழு நம்ம ஆட்களைத் தலை எண்ணிப் பார்க்கணும்னு வேற சொல்லியிருக்கு. ரெண்டும் ஒரே வேலையா முடிஞ்சிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க விஷயமும் ஞாபகம் இருக்கு. உயர் தரம் கிடைச்சா வேதியியல்ல ஒரு நிரந்தர இடம். எழுதிக் குடுத்த மாதிரி வெச்சுக்கங்க."

எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் சோடியம் அன்று வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

"இந்தத் தடவை நிச்சயம்" என்றார் மனைவியிடம்.

"போன முதல்வரும் இதைத்தானே சொன்னார்?"

"அவர் சும்மா சொன்னார். இவர் ஒரு காரணத்தோட சொல்லியிருக்கார்."

"நீங்க எந்த வட்டத்துல உட்காரப் போறீங்க?"

"நான்தான் அந்த ஒத்த எலக்ட்ரான். இடம் மாறி ஓடறவன்."

"வேற யாரும் கிடைக்கலையா, இல்ல வேற யாரும் ஒத்துக்கலையா?" என்று கேட்டுவிட்டு அவள் சட்னி அரைக்கப் போய்விட்டாள். சோடியத்துக்குக் கோபம் வந்தது. அவர் வாழ்நாளில் பொங்கியதெல்லாம் வீட்டுக்குள்தான். அன்றைக்கு மிக்ஸிச் சத்தத்தில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவருக்கு அணுவைப் பற்றிப் புதுப்புது உண்மைகள் தெரியவந்தன.

முதல் தகராறு அணுக்கருவில் கிளம்பியது. சோடியத்தின் கரு முதல்வர். குளோரினில் பெரும்பாலும் அலுவலக ஆட்கள் என்பதால் அதன் கரு அலுவலகக் கண்காணிப்பாளர். கருவில் இருப்பவர்களுக்குக் கூட்டல் குறி போட்ட அட்டை, எலக்ட்ரான்களுக்குக் கழித்தல் குறி. தனக்கு மட்டும் கூட்டல் என்றதும் முதல்வர் மகிழ்ந்தார். கண்காணிப்பாளருக்கும் கூட்டல் என்று தெரிந்ததும் மகிழ்ச்சி குறைந்தது.

"எனக்கு எத்தனை புரோட்டான்?"

"பதினொண்ணு சார்."

"அவருக்கு?"

"பதினேழு."

"கண்காணிப்பாளர் என்னைவிட ஆறு அதிகமா? குழு என்ன நினைக்கும்?"

இந்த இடத்தில் சோடியம் காட்டிய சாமர்த்தியத்தை அவரே பிறகு பலமுறை வெட்கத்தோடு நினைத்துப் பார்த்ததுண்டு. "ஆனா சார், அளவுல சோடியம்தான் பெரிய அணு. குளோரின் சுருங்கினது. கரு அங்க ரொம்ப இறுக்கிப் பிடிக்கும், அதனால வட்டமெல்லாம் சிறுசாயிடும். நீங்க தாராளமா விடறீங்க, அதனால பெருசா இருக்கீங்க." இதில் முதல் பாதி சுத்தமான வேதியியல். மீதிப் பாதியை எந்தப் பாடத்தில் கற்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

முதல்வர் சமாதானமானார். "நியூட்ரான்னு ஒண்ணு சொல்வீங்களே, அது யாரு?"

"அது உங்க கூடவே இருக்கும் சார். எடை உண்டு. ஆனா மின்சுமை கிடையாது. எதையும் இழுக்காது, எதையும் தள்ளாது."

"அப்ப துணை முதல்வரைப் போட்டுடுங்க."

இரண்டாவது தகராறு வட்டங்களுக்கு. கருவுக்குப் பக்கத்து வட்டத்தில் இரண்டே நாற்காலி. பணிமூப்புப்படி அதில் யார் உட்காருவது என்று ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது. சோடியம் பொறுமையாக விளக்கினார்: "உள்வட்டத்துல எதுவுமே நடக்காது. அங்க இருக்கறவங்க எதிலும் கலந்துக்க முடியாது. சும்மா ஒட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். கொடுக்கறது, வாங்கறது, சேர்றது எல்லாம் வெளிவட்டத்துலதான். அங்க இருக்கறதைத்தான் இணைதிறன் எலக்ட்ரான்னு சொல்றோம்."

இயற்பியல் துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எதிலும் கலந்துக்க வேண்டாமா? எந்த வேலையும் இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப அந்த இடம் எனக்குத்தான். இதுக்குத்தானே முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டேன்!"

இன்னொரு நாற்காலியை விலங்கியல் அம்மா பிடித்தார். இவர்கள் இருவரும் ஒரு தேர்வு அட்டவணை விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பக்கத்தில் உட்கார முடியாது என்று இருவருமே தனித்தனியாக வந்து சொன்னார்கள். சோடியத்துக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் எதிரெதிராகத்தான் சுழல வேண்டும். அது இயற்கையின் சட்டம். நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டார். அன்று ஒருநாள் மட்டும், கல்லூரியில் ஓர் அறிவியல் விதி அப்படியே செயல்பட்டதை அவர் கண்ணாரக் கண்டார்.

சுழலச் சொன்னபோது மூட்டுவலி குறுக்கே வந்தது. "எலக்ட்ரான் உட்கார்ந்துக்கிட்டே சுத்தினா என்ன?" என்று கேட்டார் நூலகர். அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். "என் கழுத்துல மைனஸ் மாட்டியிருக்கீங்க. வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்றார், மாமியாரும் இதைத்தான் சொல்றாங்க. இப்ப கல்லூரியும் எழுதியே மாட்டிடுச்சு." கடைசியில் யாரும் சுழல வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் இடவலமாக ஆட்டினால் போதும் என்று முடிவாயிற்று.

மூன்றாவது தகராறுதான் பெரியது. ஒத்திகையைப் பார்க்க வந்த முதல்வர் குளோரின் பக்கம் போய் நின்றார். முகம் சுருங்கியது.

"இது என்ன காலி நாற்காலி?"

"அதுதான் சார் விஷயமே. எட்டாவது இடம் காலியா இருக்கறதாலதான் குளோரின் இழுக்குது. அந்தக் காலியிடம் இல்லேன்னா நான் போய் உட்கார முடியாது. பிணைப்பே கிடையாது."

"சார், நீங்க நல்லா படிச்சவர். ஆனா நிர்வாகம் தெரியாது. ஆய்வுக் குழு வர்ற அன்னிக்கு நாற்காலி காலியா இருந்தா என்ன எழுதுவாங்க? பணியிடம் காலின்னு எழுதுவாங்க. முன்வரிசைல ஒரு பல் இல்லாத மாதிரி அசிங்கமா இருக்கு."

"அந்தப் பல்லு இல்லாததுதான் சார் வேதியியல்."

"யோசிக்கிறேன்" என்றார் முதல்வர். பெரிய மனிதர்கள் யோசிக்கிறேன் என்றால் யோசித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இது நம் சோடியத்துக்கு உறைக்கவில்லை. தன்னுடைய ஒப்பற்ற விளக்கத்தில் முதல்வர் சொக்கிப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஓடுவதற்கு வசதியாகப் பழைய கான்வாஸ் ஷூவைத் தேடி எடுத்துத் துடைத்தார்.

ஆய்வு நாள் வந்தது. குழுவில் மூன்று பேர். தலைவர் சிரித்த முகத்துக்காரர். இன்னொருவர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாமவர் எண்ணுகிறவர், எதைக் கண்டாலும் எண்ணினார். வழியிலிருந்த மரங்களைக்கூட எண்ணிவிட்டு, இவற்றுக்கு எந்தத் துறை என்று கேட்டார்.

மைதானத்தில் இரண்டு அணுக்களும் கழித்தல் குறி மாட்டிக்கொண்டு தலையாட்டின. முதல்வர் கருவிலிருந்து எழுந்து வரவேற்றார்: "எங்க கல்லூரியில காலிங்கற பேச்சுக்கே இடமில்ல. எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்காங்க. அவங்க என்ன பண்றாங்கன்னு நீங்க கேக்கலாம். ஆனா ஆள் இருக்காங்க."

குழுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். "எனக்கு ரொம்ப சந்தோஷம். நானும் வேதியியல்லதான் முனைவர் பட்டம் வாங்கினேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. அதனாலதான் இந்த அளவுக்கு வர முடிஞ்சுது."

முதல்வர் விசில் ஊதினார். சோடியம் எழுந்து ஓடினார்.

நாற்பத்தெட்டு வயது, கொஞ்சம் தொந்தி, கழுத்தில் படபடக்கும் அட்டை. ஆனால் அந்தச் சில நொடிகள் அவர் உடம்பில் ஏதோ ஓர் இலேசான சந்தோஷம் இருந்தது. பதினான்கு வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய பாதையில் இப்போது தானே ஓடுகிறோம். போய் உட்கார்ந்ததும் எல்லாம் முடிந்துவிடும். எட்டு பேரில் ஒருவர். நிரந்தரம்.

அதுவரை மற்றவர் தலைகள் மறைத்திருந்ததைப் பாதி வழியில்தான் பார்த்தார். எட்டாவது நாற்காலியில் முதல்வரின் மைத்துனர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லூரி கேண்டீனை நடத்துபவர். கழுத்தில் புத்தம்புதிய கழித்தல் அட்டை.

சோடியம் மூச்சிரைக்க அவரிடம் குனிந்தார். "கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்கு?"

"இது என் இடம்."

"மாமா உட்காரச் சொன்னார். காலையிலருந்து உட்கார்ந்திருக்கேன். எதுவா இருந்தாலும் மாமாகிட்ட பேசிக்கங்க."

சோடியம் கருவைப் பார்த்தார். கண்காணிப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் கண்டக்டர் குரலில் சொன்னார்: "இங்க ஃபுல்லு சார். வேற அணுவுல பாருங்க."

வேறு அணு ஏது? சோடியம் திரும்பினார். ஓடி வந்தவர் நடந்து போனார். போன இடத்தில் அவருடைய பழைய நாற்காலியில் கல்லூரிக் காவலாளி உட்கார்ந்திருந்தார். நீலச் சீருடை, கழுத்தில் கழித்தல் குறி, முகம் முழுக்கச் சங்கடம்.

"சார், நான் என்ன பண்ணட்டும்? நீங்க ஓடின உடனே பெரிய சார் பதறிப்போய் கேட்லருந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு உட்கார வெச்சுட்டார். காலியா தெரியக் கூடாதாம். நான் வேணா எந்திரிக்கட்டுமா?"

"தலையை ஆட்டுங்க, ஆட்டுங்க" என்று கருவிலிருந்து முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். காவலாளி ஆட்டினார்.

இப்போது சோடியம் அணுவும் நிறைந்திருந்தது. குளோரின் அணுவும் நிறைந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே, வெயிலில், கான்வாஸ் ஷூவோடு ஒரு மனிதர் நின்றார்.

குழுத் தலைவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "அவர் யாரு?"

"அவரா?" என்றார் முதல்வர். "அவர் இந்தப் பக்கமும் இல்லீங்க, அந்தப் பக்கமும் இல்லீங்க. யாரோ வழி தெரியாம உள்ள வந்துட்டார் போல."

சொல்ல வேண்டியதெல்லாம் சோடியத்தின் தொண்டை வரை வந்தது. பிணைப்பு என்றால் என்ன, காலியிடம் என்றால் என்ன, மைத்துனர் என்றால் என்ன. பொங்க வேண்டியவர் பொங்குவதற்கு இதைவிட நல்ல தருணம் அமையாது. அவர் செய்தது இதுதான்: கழுத்து அட்டையைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் மடித்து வைத்தார். எல்லோரும் கைதட்டியபோது, வழி தெரியாமல் வந்தவர் எவ்வளவு தட்டுவாரோ அவ்வளவு தட்டினார்.

எண்ணுகிற உறுப்பினர் நாற்காலி நாற்காலியாகப் போய் எண்ணினார். காவலாளியிடம் நின்றார். "எத்தனை வருஷ சர்வீஸ்?"

"இருபத்திரண்டு வருஷம் ஐயா."

"நிரந்தரமா?"

"நிரந்தரம்தான் ஐயா."

"நல்ல அனுபவம்" என்று எழுதிக்கொண்டார். என்ன வேலையில் என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

கல்லூரிக்கு உயர் தரம் கிடைத்தது. முதல்வர் அறையில் பூங்கொத்துகள் குவிந்திருந்த ஒரு காலையில் சோடியத்துக்கு அழைப்பு வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மனைவிதான் தேய்த்துக் கொடுத்தாள். அவளும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தாள்.

"உட்காருங்க சார். எல்லாம் உங்க மூளைதான். நான் மறக்க மாட்டேன்" என்றார் முதல்வர். "ஆனா ஒரு சின்னச் சிக்கல். குழு என்ன சொல்லியிருக்குன்னா, ரெண்டு அணுவும் நிறைவா இருக்கு, காலியிடமே இல்லன்னு. அதுக்குத்தான் நமக்கு அதிக மார்க்கு. இப்ப நீங்களே சொல்லுங்க, இல்லாத காலியிடத்துல உங்களை எப்படி நிரந்தரம் பண்றது?"

சோடியம் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று தேடிப் பார்த்தார். ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு. உங்க நாற்காலியில பதினோராவது ஆளா இருந்த நம்ம காவலாளியை வேதியியல் ஆசிரியர்னு எண்ணிட்டுப் போயிருக்காங்க. நேர்ல பார்த்ததை மாத்த முடியாது. அடுத்த ஆய்வு வரைக்கும் அவர் வேதியியல் துறைதான்."

"அப்ப பாடம் யார் சார் நடத்துவாங்க?"

முதல்வர் உண்மையாகவே வியந்துபோனார். "ஆய்வுதான் முடிஞ்சிடுச்சே! இனி என்ன பாடம்?"

பிறகு மேஜைமேல் சாய்ந்து, நெருங்கிய ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்: "ஆனா உங்களைக் கைவிட மாட்டேன். காவலாளி உள்ள வந்துட்டதால கேட்ல ஒரு இடம் இருக்கு. கல்லூரியிலேயே அது ஒண்ணுதான் உண்மையான காலியிடம். நிரந்தரம். ஓய்வூதியம் உண்டு. இப்ப வாங்கறதைவிடச் சம்பளமும் கொஞ்சம் கூட. நீலச் சட்டை ரெண்டு செட் நாங்களே குடுத்துடுவோம். யோசிச்சுச் சொல்லுங்க."

சோடியம் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லும்போதே தன்னைப் பார்த்துத் தனக்கே சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. மருந்துச்சீட்டு பார்க்கிற கவனத்தோடு கேட்டாள்.

"நிரந்தரம்னா, அந்த ஒரு நாள் இடைவெளி?"

"கிடையாது."

"ஓய்வூதியம் நிஜமா உண்டா?"

"உண்டு."

"நாற்காலி?"

"உண்டு. நிழல்லதான் போட்டிருக்காங்க. வேற யாரும் வந்து உட்கார மாட்டாங்க."

"அப்புறம் என்னங்க யோசனை?" என்றாள்.

அவர் முனைவர் பட்டச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்த பக்கம் பார்வை போகாமல் கவனமாக உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசி அடித்தது. அவள் அக்கா. நான்கு வார்த்தைக்குள் விசாரணை அவர் வேலை நிரந்தரமாயிற்றா என்பதில் வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். எழுந்து வெளியே போகலாமா என்று பார்த்தார். அதற்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, பதினான்கு வருடமாக அவர் கேட்டிராத குரலில் பேசத் தொடங்கிவிட்டாள்.

"ஆமாக்கா, ஆயிடுச்சு. நிரந்தரமே ஆயிடுச்சு... இல்லக்கா, இனிமே பாடமெல்லாம் நடத்த வேண்டாமாம், வேற பெரிய பொறுப்பு குடுத்திருக்காங்க... என்ன பொறுப்பா? இவர் பார்த்துத் திறந்துவிட்டாத்தான்க்கா அந்த முதல்வரே உள்ள போக முடியும்."